ஏலத்தில் ஒரு பெட்டி யாழ்ப்பாணப் புத்தகங்கள்: எவ்வளவுக்குக் கேட்கலாம்?

வெள்ளவத்தை வாசகன் | சனி, இரவு 9.40

வணக்கம். அவசரமாக ஆலோசனை வேண்டும். இங்கிலாந்தில் ஒரு சிறிய ஏலக்கூடம் வருகிற வியாழக்கிழமை பழைய புத்தகங்களை ஏலம் விடுகிறது. இணையம் வழியாகவும் கேட்கலாம். ஏலப் பட்டியலில் 480ஆம் இலக்கப் பொருள் (லொட்) ஒரு மட்டைப்பெட்டி. 'தமிழ்ப் புத்தகங்கள், இலங்கை, 19ஆம் நூற்றாண்டு, ஏழு' என்பதோடு விபரம் முடிகிறது. உத்தேச விலை 80 முதல் 120 பவுண் வரை.

மூன்றே படங்கள்தான். முதல் படத்தில் புத்தகங்கள் அடுக்கி வைத்திருக்கின்றன, பெயர்கள் தெரியவில்லை. இரண்டாவது படத்தைப் பார்த்தபின் எனக்கு நித்திரை இல்லை. அது கிறீன் வைத்தியரின் இரணவைத்தியம் என்ற சத்திரசிகிச்சை நூல், மானிப்பாய், 1867. இங்கே இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: சாமுவேல் கிறீன் 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக வந்து, மானிப்பாயில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தவர். அதற்காகப் பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். மூன்றாவது படம் ஒரு மெல்லிய ஊஞ்சற்பா. 'தாது வருஷம்' என்று அச்சாகியிருக்கிறது, பட்டியலில் 1876 என்று போட்டிருக்கிறார்கள்.

நான் இதுவரை மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கியதோடு சரி. ஏலத்தில் கேட்டதே இல்லை. எல்லாச் செலவும் சேர்த்து 75,000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. எவ்வளவு வரை போகலாம்?

சுவடித்தேடி | சனி, இரவு 10.25

தம்பி, முதலில் கணக்கு. ஏலத்தில் விழுகிற விலை உங்கள் விலை அல்ல. 100 பவுணுக்கு விழுந்தால், ஏலக்கூடத்தின் கொமிசன் பெரும்பாலும் 25 வீதம் அல்லது அதற்கும் கூட. அந்தக் கொமிசனுக்கு மேல் 20 வீத வரி. நீங்கள் வேறு ஓர் ஏலத்தளம் வழியாகக் கேட்டால் அவர்களுக்கு இன்னும் 5 வீதம் அளவில், அதற்கும் வரி. ஆக 100 என்பது 136 ஆகிவிட்டது. புத்தகம் இன்னும் மேசையிலிருந்து அசையவில்லை.

சிறிய ஏலக்கூடங்கள் பல பொதி கட்டி அனுப்புவதில்லை. ஒரு பொதி நிறுவனத்தின் பெயரைத் தந்துவிட்டு ஒதுங்கிவிடும். ஏழு புத்தகம் ஐந்து கிலோ வரும். பெட்டி, பாதுகாப்பு, பதிவுத் தபால் எல்லாம் சேர்த்து 60 பவுண் என்று வையுங்கள். பவுண் 400 ரூபாய் என்று பிடித்தால் உங்கள் 75,000 என்பது 187 பவுண். அதில் 60ஐக் கழித்தால் 127. அதை 1.36ஆல் பிரித்தால் 93. உங்கள் உச்சம் 90. அதை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். இங்கே இறங்கும்போது சுங்கம் ஏதும் கேட்டால் அதற்கும் கையில் கொஞ்சம் வேண்டும்.

2022 மார்ச்சில் என் நண்பர் ஒருவர் டொலர் 200 ரூபாய் என்று கணக்குப் போட்டு ஒரு வரைபடத்தைக் கேட்டு எடுத்தார். பில் வந்து, வங்கி அட்டையை அனுமதித்து, பணம் போய்ச் சேர்ந்தபோது டொலர் 300ஐத் தாண்டிவிட்டது. நாணயம் ஆடுகிற காலமென்றால் இன்னும் பத்து வீதம் ஒதுக்கிவையுங்கள்.

இனி முக்கியமானது. மூன்று படத்தை நம்பி ஒரு சதமும் கட்டாதீர்கள். நாளைக்கே கடிதம் எழுதுங்கள். ஏழு புத்தகத்துக்கும் தலைப்புத் தாள், அதன் பின்பக்கம், கடைசிப் பக்கம், கட்டு விட்ட இடங்கள், இவ்வளவுக்கும் படம் கேளுங்கள். கேட்டால் அனுப்புவார்கள். கேட்காமல் வாங்கிவிட்டுப் பிறகு அழுதால், 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்ற வரியைக் காட்டுவார்கள்.

கொட்டாஞ்சேனை மலர் | ஞாயிறு, காலை 6.50

ஐயா சொன்ன 'பின்பக்கம்' என்பதைக் கோடு போட்டு வையுங்கள். டெனன்ற் எழுதிய இலங்கை வரலாறு, 1859, இரண்டு தொகுதி என்று பார்த்து நான் ஒருமுறை கேட்டு எடுத்தேன். வந்தது டில்லி மறுபதிப்பு. விற்றவர் மூல நூலின் ஆண்டை மட்டும் போட்டிருந்தார். தலைப்புத் தாளின் பின்பக்கத்தை ஒரு படம் கேட்டிருந்தால் சர்வதேச நூல் எண்ணைப் பார்த்தே பிடித்திருப்பேன். நல்ல மறுபதிப்புத்தான், படிக்கலாம். ஆனால் நான் கொடுத்தது மூலப் பதிப்பின் விலை.

மருதானை நடை | ஞாயிறு, காலை 8.15

தாது வருஷம் என்றதும் 1876 என்று எழுதிவிட்டார்களா? வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1876உம் தாது, 1936உம் தாது. 1996உம்கூட. அது பெரும் பஞ்சம் வந்த வருஷம் என்று எல்லோருக்கும் நினைவிருப்பதால் தாது என்றாலே 1876 என்று போட்டுவிடுகிறார்கள். பழையதாகத் தெரிந்தால் விலையும் ஏறுமல்லவா.

கண்டுபிடிக்க வழி உண்டு. எங்கள் பழைய பதிப்பாளர்கள் வருஷப் பெயரோடு பல இடங்களில் கலியாண்டையும் போடுவார்கள். அதிலிருந்து 3101ஐக் கழியுங்கள். கலி 4977 என்றால் 1876. கலி 5037 என்றால் 1936. சாலிவாகன சகாப்தம் என்றிருந்தால் 78ஐக் கூட்டுங்கள். தமிழ் எண்ணில் இருக்கும், ௪க்கும் (4) ௫க்கும் (5) மாறாட்டம் வராமல் பெரிதாக்கிப் பாருங்கள்.

விலையும் ஒரு சாட்சி. இலங்கையில் ரூபாய் சதக் கணக்கு வந்தது 1872இல். விலை சதத்தில் அச்சாகியிருக்கிற இலங்கைப் புத்தகத்தை 1850 என்று ஒருவர் விற்றால் திரும்பியே பார்க்க வேண்டாம். உங்கள் ஊஞ்சற்பா இரண்டு தாதுக்கும் பொருந்தும் என்பதால் விலை மட்டும் போதாது. கட்டைப் பாருங்கள். நூல் தையலா, பிந்திய காலத்துக் கம்பி ஊசியா? தாள் மஞ்சளாகி, விளிம்பு விரலில் பொடியாகிறதா? உள்ளே யாருடைய புகைப்படமாவது புள்ளிபுள்ளியாக அச்சாகியிருந்தால் 1876ஐ மறந்துவிடலாம்.

இன்னொன்று. இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலைப்புத் தாளின் கீழ் வலது மூலையில் ஊதா மையில் நீள்வட்ட முத்திரை ஒன்று இருக்கிறது. '...சிகசாலை' என்று முடிகிறது. வாசிகசாலை முத்திரை என்றுதான் எனக்குப் படுகிறது. அதைத் தெளியாமல் கேட்காதீர்கள்.

லண்டன் பனைமரம் | ஞாயிறு, மாலை 4.05

முத்திரை இருந்தால் என்ன? எடுத்துவிடுங்கள். நாங்கள் எடுக்காவிட்டால் யாரோ ஒரு சேகரிப்பாளர் எடுத்துக் கண்ணாடி அலுமாரியில் பூட்டிவைப்பார், பிறகு முப்பது வருஷத்துக்கு எவரும் காணமாட்டார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 புத்தகம் எரிந்து கிடந்த ஊர் எங்களுடையது. மிஞ்சியது எங்கே கிடந்தாலும் கையில் எடுப்பதுதான் முதல் வேலை. எடுத்தபின் அந்த வாசிகசாலைக்கே கொடுக்கலாம்.

மருதானை நடை | ஞாயிறு, மாலை 5.30

அண்ணா, உங்கள் மனம் விளங்குகிறது. ஆனால் முத்திரை உள்ள புத்தகத்துக்கு நாங்கள் காசு கொடுக்கத் தொடங்கினால், நாளைக்கு ஊரிலிருக்கிற சின்ன வாசிகசாலைகளின் அலுமாரிகள்தான் காலியாகும். இங்கே டி. ஆர். விஜேவர்தன மாவத்தைக் கடைகளிலேயே நான் பார்க்கிறேன். முத்திரை இருந்த மூலை கத்தரித்த புத்தகங்கள் வருகின்றன. முதல் பக்கத்தில் ஒரு முக்கோணம் இல்லை, பதினேழாம் பக்கத்தில் ஒரு துளை. பல நூலகங்கள் உள்ளே ஒரு குறித்த பக்கத்திலும் முத்திரை குத்துவது வெட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் வாங்குவதில்லை, என்ன அரிய நூலாக இருந்தாலும்.

முத்திரை இருந்தாலே களவு என்றும் இல்லை. நூலகங்களே இரட்டைப் பிரதிகளைக் கழிப்பதுண்டு. கழித்தவை என்றால் வழக்கமாக அதற்கும் ஒரு முத்திரையோ கையெழுத்தோ இருக்கும். அதைத்தான் கேட்கச் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனை மலர் | ஞாயிறு, இரவு 8.45

களவுக்கும் கழிவுக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது.

1995 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது அப்பா இரண்டு புத்தகம்தான் எடுத்தார். மற்றவை நான்கு அலுமாரியில் இருந்தன. பல ஆண்டுக்குப் பின் வீட்டைப் பார்க்கப் போனபோது அலுமாரிகளும் இல்லை, கதவுகளும் இல்லை. அப்பா ஒவ்வொரு புத்தகத்திலும் 33ஆம் பக்கத்தின் அடியில் பச்சை மையில் கையெழுத்து வைப்பார். பழைய தமிழ்ப் புத்தகம் எங்கே ஏலத்துக்கு வந்தாலும் நான் விற்பவருக்கு எழுதி அந்தப் பக்கத்தின் படத்தைக் கேட்கிறேன். இருபது வருஷமாகக் கேட்கிறேன். பலர் மறுக்காமல் அனுப்பியிருக்கிறார்கள்.

அப்படி ஒருநாள் பச்சைக் கையெழுத்து வந்தால், அதை விற்பவரைக் கள்ளன் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கைக்கு வருமுன் அது எத்தனை கை மாறியதோ. ஆனால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வேறொருவர் வாங்கிக்கொண்டு போனால் தாங்கமாட்டேன். வாசிகசாலைக்கும் அப்படித்தானே இருக்கும். தம்பி, அந்த முத்திரையில் உள்ள ஊருக்கு முதலில் போன் பண்ணுங்கள்.

வெள்ளவத்தை வாசகன் | ஞாயிறு, இரவு 9.20

அக்கா, செய்கிறேன். ஏலக்கூடத்துக்கும் இப்போதே எழுதுகிறேன். உங்கள் அப்பாவின் அடையாளத்தை நானும் குறித்துக்கொண்டேன். இந்த ஏழிலும் 33ஆம் பக்கத்தின் படம் கேட்கிறேன்.

தெகிவளைத் தம்பி | திங்கள், காலை 11.10

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். முகநூலில் ஒருவர் சேது நாணயங்கள் ஐந்தும் ஒரு கட்டு ஓலைச்சுவடியும் ஏலம் விடுகிறார். கருத்துப் பகுதியில் விலையை எழுத வேண்டும், இரவு பத்து மணிக்கு முடிகிறது. கொழும்பிலேயே கையில் தருவாராம். நாணயம் ஒன்று 6,000இல் நிற்கிறது. நல்ல விலையா?

சுவடித்தேடி | திங்கள், பகல் 12.40

வேண்டாம் தம்பி. சேது நாணயம் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டது, நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் இருக்கும். விரும்பிச் சேர்ப்பவர்கள் அதிகம், அதனால் வார்த்தெடுத்த போலிகளும் அதிகம். விளிம்பில் அச்சுப் பொருத்திய கோடு தெரிகிறதா, எழுத்தின் ஓரம் சவர்க்காரம் கரைந்ததுபோல மழுங்கியிருக்கிறதா, ஐந்திலும் ஒரே இடத்தில் ஒரே குழி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே குழி என்றால் ஒரே அச்சில் வார்த்தது.

உண்மையானதென்றால் சிக்கல் இன்னும் பெரிது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைக்கிறது, கண்டி பிரித்தானியர் கைக்குப் போன நாள் அது. அதற்கு முந்திய பொருள் மண்ணிலிருந்து தோண்டி எடுத்ததென்றால் அரசுக்குச் சொந்தம். பண்பாட்டுச் சொத்து வியாபாரத்துக்கு 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்த முகநூல்காரரிடம் அதைக் கேளுங்கள். எங்கே கிடைத்தது என்றும் கேளுங்கள். பதிலுக்குப் பதிலாக 'வேண்டுமென்றால் எடுங்கள்' என்று வந்தால் விலகிவிடுங்கள்.

சுவடியை இங்கேயே வைத்திருந்தாலும், வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அன்பளிப்பாக அனுப்பலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போகாது. இந்தியாவிலிருந்து தருவிப்பதும் அப்படித்தான். அவர்களுடைய 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் 75 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் தொல்பொருள்.

கொட்டாஞ்சேனை மலர் | திங்கள், பிற்பகல் 2.15

நாணயம்தான் ஆசையென்றால் ஒல்லாந்தர் காலத்து விஓசி (ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி) செப்புக் காசில் தொடங்குங்கள் தம்பி. ஆனால் 'யாழ்ப்பாண விஓசி காசு' என்று விலை ஏற்றிச் சொல்வதை நம்பாதீர்கள். ஒரு பக்கம் விஓசி எழுத்தும் மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயமும் உள்ள மெல்லிய டொயிட் காசு ஒல்லாந்திலேயே அடித்து ஆசியா முழுவதும் அனுப்பியது. ஏராளமாகக் கிடைக்கும். இங்கே அடித்தவை தடித்து, கரடாக இருக்கும். விஓசிக்கு மேலே கொழும்புக்கு சி, காலிக்கு ஜி, யாழ்ப்பாணத்துக்கு ஐ என்று ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கியின் நூதனசாலைக்கு ஒரு நாள் போய்க் கண்ணைப் பழக்கிவிட்டு வாருங்கள், அதன்பின் வாங்கலாம்.

லண்டன் பனைமரம் | திங்கள், இரவு 11.30

இரவு முழுக்க மலர் அக்காவின் 33ஆம் பக்கத்தைத்தான் நினைத்தேன். மருதானை நடை சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சரி, நான் ஓர் உதவி செய்கிறேன். அந்த ஏலக்கூடத்துக்கு எனக்கு ரயிலில் ஒன்றரை மணித்தியாலம். புதன்கிழமை பொருட்களைப் பார்வைக்கு வைக்கிறார்கள். நேரே போய் ஏழையும் கையில் எடுத்துப் பார்க்கிறேன். வேறு என்ன பார்க்க வேண்டும், எழுதுங்கள்.

வெள்ளவத்தை வாசகன் | செவ்வாய், காலை 7.05

அண்ணா, பெரிய உதவி. ஏலக்கூடம் அனுப்பிய படத்தில் முத்திரையின் ஊர்ப்பெயர் தெரிந்தது. நேற்று அந்த வாசிகசாலைக்குப் போன் எடுத்தேன். இன்றைக்கும் திறந்திருக்கிற வாசிகசாலைதான். போனை எடுத்த ஐயா நூலின் பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. 1990க்கு முந்திய பதிவேடு எதுவும் தங்களிடம் இல்லை என்றார். கழித்தார்களா, களவு போனதா, யாராவது காப்பாற்ற எடுத்துப் போனார்களா என்று சொல்ல ஒருவரும் இல்லை. முத்திரை தங்களுடையதுதான் என்று மட்டும் உறுதியாகச் சொன்னார். அதே முத்திரையைத் தாளில் குத்திப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதை ஏலக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

சுவடித்தேடி | செவ்வாய், காலை 9.30

நல்ல வேலை செய்தீர்கள். பனைமரம் தம்பிக்கு: பக்க எண்களை முதலிலிருந்து கடைசிவரை புரட்டுங்கள், மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை. பெட்டி லொட்டில் பக்கக் குறையை அவர்கள் சரிபார்ப்பதில்லை. விளக்கப்படத் தாள்களைத் தனியாக எண்ணுங்கள். படங்களை வெட்டித் தனித்தனியே விற்கும் வழக்கம் பெரிது. 1672இல் வந்த, ஒல்லாந்தப் பாதிரியார் பால்தேயுவின் நூலை இப்படித்தான் உடைத்து, யாழ்ப்பாணத் தேவாலயங்களின் படங்களை ஒவ்வொன்றாக விற்கிறார்கள். ஒரு படம் போன நூல் மீண்டும் முழு நூலாவதில்லை.

வாசகன் தம்பிக்கு: வியாழக்கிழமை திரைக்கு முன்னால் இருக்கத் தேவையில்லை. காலை பத்து மணிக்கு அங்கே தொடங்கினால் எங்களுக்குப் பிற்பகல் 2.30. மணிக்கு 120 லொட் போகும். உங்கள் 480 மாலை 6.30க்குத்தான் வரும். உங்கள் உச்ச விலையை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போங்கள். மற்றவர்கள் கேட்பதற்கு மேல் ஒரு படி வைத்து உங்களுக்காகக் கேட்பார்கள். ஈபேயிலும் அப்படித்தான், நீங்கள் கொடுக்கிற உச்சத்தைத் தளம் மறைத்து வைத்துத் தேவையான அளவுக்கு மட்டும் ஏற்றும். திரைக்கு முன்னால் இருந்தால் 90 என்று எழுதிய கை 150இல் போய் நிற்கும். எனக்குத் தெரியும்.

லண்டன் பனைமரம் | புதன், இரவு 10.50

போய் வந்தேன். பெட்டியில் ஆறுதான் இருந்தது. இரணவைத்தியத்தை முதல்நாளே வெளியே எடுத்துவிட்டார்கள். அங்கே இருந்த பெண்மணி மரியாதையாகப் பேசினார். காலமான ஒரு முதியவரின் வீட்டைக் காலி செய்தபோது வந்த புத்தகங்கள், குடும்பத்தோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

ஊஞ்சற்பாவைத் தேடி எடுத்தேன். இரண்டு கம்பி ஊசி, துருப்பிடித்திருக்கிறது. தலைப்புத் தாளில் கலி ௫௦௩௭, அதாவது 5037. மருதானை நடை, உங்கள் கணக்குப்படி 1936. அவரிடமும் சொன்னேன், குறித்துக்கொண்டார். மற்றவற்றில் நாவலரின் பாலபாடம் பிற்பதிப்புகள் இரண்டு, பின்மட்டை இல்லாதவை. ஒரு ஜெபப் புத்தகம். இரண்டு பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம். எல்லாவற்றிலும் 33ஆம் பக்கம் பார்த்தேன் அக்கா. இல்லை.

கொட்டாஞ்சேனை மலர் | வியாழன், காலை 6.10

பார்த்தீர்களே, அது போதும்.

வெள்ளவத்தை வாசகன் | வியாழன், இரவு 8.00

ஆறுக்கும் சேர்த்து 45 பவுண் எழுதிக் கொடுத்திருந்தேன். 140க்கு விழுந்தது. ஏலம் தொடங்குமுன் ஆண்டைத் திருத்தி வாசித்தார்களாம், இருந்தும் இரண்டு பேர் விடாமல் கேட்டிருக்கிறார்கள். எடுத்தவர்கள் இதை வாசித்தால், ஊஞ்சற்பாவை ஒரு ஸ்கான் எடுத்து 'நூலகம்' என்ற இணையத்தளத்துக்கு அனுப்புங்கள். பதினாறு பக்கம்தான்.

வெள்ளவத்தை வாசகன் | ஐந்து வாரத்துக்குப் பின், சனி, பிற்பகல் 3.30

இழையை மேலே கொண்டுவருகிறேன். அந்தக் குடும்பம் இரணவைத்தியத்தை விலை கேட்காமல் தந்துவிட்டது. பனைமரம் அண்ணா தன் செலவில் பொதி கட்டி அனுப்பினார். நேற்று மத்திய தபால் பரிமாற்றகத்திலிருந்து அட்டை வந்தது. இன்று காலை டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் சுங்க மேசைக்கு முன்னால் பெட்டியைத் திறந்தார்கள். பழைய வைத்தியப் புத்தகம், ஒரு வாசிகசாலைக்குப் போகிறது என்று சொன்னேன். உத்தியோகத்தர் இரண்டு படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார். அதே வீதியில்தான் பதினைந்து வருஷமாகப் பழைய புத்தகம் தேடி நடந்திருக்கிறேன்.

வாசிகசாலை ஐயாவிடம் கேட்டேன், ஸ்கான் செய்தபின் கொண்டுவரச் சொன்னார். அடுத்த வாரம் யாழ்ப்பாண ரயிலில் நானே கொண்டுபோகிறேன். அதற்குமுன் ஒரு கேள்வி. பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். எலும்பு முறிவைப் பற்றிய பகுதியில் இரண்டு தாள் இல்லை, கிழிந்த அடி மட்டும் தையலில் நிற்கிறது. யாரிடமாவது 1867 பிரதி இருக்கிறதா? அந்த நான்கு பக்கத்தின் படம் கிடைத்தால் அதே அளவில் அச்சடித்து உள்ளே வைத்துக் கொடுக்கலாம்.